தறிச்சத்தம் நின்ற பிறகும் நிற்காத காதிரைச்சல்: கேப்சூலும் பூண்டெண்ணெயும் எவ்வளவு தூரம் உதவும்?

பல்லடம் பக்கத்திலிருந்து ஒருவர் தன் அப்பாவுக்காகக் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 58 வயது, முப்பது வருடத்துக்கு மேல் விசைத்தறி ஓட்டியவர். ஆறேழு மாதமாக இரண்டு காதிலும் ‘ஙொய்’ என்று ஓயாத இரைச்சல். பகலில் பரவாயில்லை, ராத்திரி படுத்தால் தூங்க விடுவதில்லை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். போன வருடம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததால் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் தினமும் உண்டு. ஜிங்கோ, துத்தநாகம், மெக்னீசியம், பி12 எல்லாம் சேர்ந்த ‘இயற்கை’ கேப்சூல் ஒன்றின் விளம்பரத்தைப் பார்த்திருக்கிறார்கள். ஒரம்பரை ஒருவர் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடச் சொல்லியிருக்கிறார். இதில் எதைச் செய்யலாம் என்று கேள்வி.

மேலுக்கு இது மருந்துப் பெயர் கேட்கும் கேள்வி. உள்ளே இருக்கும் வெசனம் வேறு: இந்தச் சத்தம் நிற்குமா, நிற்காவிட்டால் அப்பா எப்படித் தூங்குவார், அதற்குள் நாமே எதையாவது கொடுத்துக் கெடுத்துவிடுவோமா? செவித்திறன் சோதனைத் துறையில் படித்து, அதையே தொழிலாகச் செய்கிறவன் என்ற முறையில் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரைச்சலை நிறுத்துவதாக ஒழுங்கான ஆய்வில் நிரூபணமான சத்து மாத்திரை இன்றுவரை ஒன்றுகூட இல்லை. நீங்கள் சொன்ன கலவையில் ஜிங்கோ உங்கள் அப்பாவுக்கு ஆகவே ஆகாது. பி12 மட்டும் ரத்தத்தில் சோதித்துப் பார்க்க வேண்டியது. காதுக்குள் எண்ணெய் வேண்டாம், அதுவும் சர்க்கரை உள்ளவருக்கு. செலவழிக்கும் முதல் ரூபாய் கேப்சூலுக்குப் போகாமல் காது பரிசோதனைக்குப் போகட்டும். அவர் காதைப் பார்க்காமல் காரணத்தை அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் கொடுத்த விவரங்களே நிறையச் சொல்கின்றன.

ஷட்டில் அடிக்கும் தறிக்குடோனுக்குள் 95 டெசிபலைத் தாண்டுவது சர்வசாதாரணம். சோமனூர், கருமத்தம்பட்டி, பள்ளிபாளையம், குமாரபாளையம் எங்கே போனாலும் தறிக்காரர்கள் கையசைவிலும் உதட்டசைவிலும் பேசிக்கொள்வதைப் பார்க்கலாம். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பதைத்தான் உலக அளவில் தொழில் சுகாதார வல்லுநர்கள் எல்லையாக வைக்கிறார்கள். நம் தொழிற்சாலை விதிகள் 90 வரை விடுகின்றன. 85-க்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். அந்தக் கணக்கில் 100 டெசிபல் இரைச்சலில் ஒரு நாளைக்குக் கால் மணி நேரம்தான் நிற்கலாம். ஒரு ஷிப்ட் என்பது அதைப் போல எத்தனை மடங்கு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இத்தனை சத்தத்தில் முதலில் அடிபடுவது உட்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கும் பகுதியின் மயிர்ச்செல்கள், அதிலும் 4000 ஹெர்ட்ஸ் சுற்றிலுள்ள கீச்சென்ற ஒலிகளைப் பிடிப்பவை. பேச்சு ஒலியின் பெரும்பகுதி அதற்குக் கீழே இருப்பதால் பல வருடம் ஒன்றும் தெரியாது. பிறகு ‘பேசறது கேக்குது, என்ன பேசறாங்கன்னு புரியல’ என்பார்கள். டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள். பேத்தி போனில் பேசினால் ‘என்ன, என்ன’ என்பார்கள். காதிலிருந்து வர வேண்டிய தகவல் குறைந்ததும் மூளை தன் பக்கத்து உணர்திறனைத் தானே ஏற்றிக்கொள்கிறது. சரியாகப் பிடிக்காத ஸ்டேஷனுக்கு ரேடியோவில் வால்யூமைத் திருகினால் பாட்டு வராமல் இரைச்சல் வருமே, அதற்கு ஒப்பான வேலைதான். காதிரைச்சல் உருவாவதைப் பற்றி ஆய்வாளர்கள் பரவலாக ஏற்கும் விளக்கம் இது. எல்லா நுணுக்கங்களும் இன்னும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் மனிதக் காதில் செத்த மயிர்ச்செல் திரும்ப முளைப்பதில்லை என்பதில் சந்தேகமே இல்லை. ‘நரம்பைப் புதுப்பிக்கும், செல்லை மீட்கும்’ என்று எந்தப் புட்டியில் எழுதியிருந்தாலும் அதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

இனி கேப்சூலுக்குள் இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஜிங்கோ என்பது சீனத்து மரம் ஒன்றின் இலைச்சாறு. ரத்த ஓட்டத்தைக் கூட்டும் என்ற பேரில் காதிரைச்சலுக்கு உலகம் முழுக்க விற்கிறது. இதைச் சோதித்த பெரிய ஆய்வு பிரிட்டனில் 2001-ல் வெளியானது. ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டவர்களில் ஒரு பாதிக்கு 50 மில்லிகிராம் ஜிங்கோ தினம் மூன்று வேளை, மறு பாதிக்கு அதே தோற்றத்தில் வெற்று மாத்திரை, 12 வாரம். முடிவில் இரண்டு பக்கமும் ஒரே நிலை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் சர்வதேச அமைப்பான காக்ரேன் 2022-ல் வெளியிட்ட மதிப்பாய்வும் பலன் இருப்பதாகக் காட்டவில்லை. பலன் இல்லை என்பதோடு போனால்கூடப் பரவாயில்லை. ஜிங்கோ ரத்தத் தட்டணுக்களின் ஒட்டும் தன்மையைக் குறைக்கக்கூடியது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும் செய்வது அதே வேலைதான். மூன்றும் சேர்ந்தால் வயிற்றிலோ தலைக்குள்ளோ ரத்தம் கசியும் அபாயம் கூடும். ‘இயற்கைதானே’ என்று இதய மருத்துவரிடம் சொல்லாமல் சாப்பிடுவதுதான் இதில் ஆபத்தான பகுதி.

இந்த இடத்தில் இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆஸ்பிரின் காதிரைச்சலை உண்டாக்கும் என்று எங்கேயாவது படித்துவிட்டு, அதைத் தாங்களாகவே நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பிரினால் இரைச்சல் வருவது உண்மைதான், ஆனால் அது மூட்டுவாதத்துக்குக் கொடுத்தது போல ஒரு நாளைக்குச் சில கிராம் அளவில் சாப்பிடும்போது. இதயத்துக்குத் தரும் 75 அல்லது 150 மில்லிகிராம் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. ஸ்டென்ட் வைத்தவர் அதை நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். கைவைக்கவே வேண்டாம்.

துத்தநாகம் உட்காதில் நிறைய இருக்கிறது என்பதும், வயதானவர்களிடம் குறைவு காணப்படுகிறது என்பதும் உண்மை. அதைக் கொடுத்தால் இரைச்சல் குறைகிறதா என்று பார்த்த ஆய்வுகளை 2016-ல் தொகுத்தபோது குறைவதற்கான சான்று கிடைக்கவில்லை. இதில் கவனிக்க வேண்டியது அளவு. பெரியவர்களுக்கு மருத்துவக் காரணம் இல்லாமல் ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் துத்தநாகத்தைத் தாண்டக் கூடாது. லேபிளில் ‘துத்தநாக சல்பேட் 220 மில்லிகிராம்’ என்று இருந்தால் அதற்குள் இருக்கும் துத்தநாகம் சுமார் 50 மில்லிகிராம். அதுவே எல்லைக்கு மேல். மாதக்கணக்கில் அதிகம் போனால் குடலில் தாமிரம் ஏறுவதைத் தடுத்துவிடும். ரத்தசோகை, காலில் மரமரப்பு, நடை தள்ளாட்டம் என்று போய் நிற்கும். சர்க்கரைக்காரருக்குக் கால் மரத்தால் பழியைச் சர்க்கரை மேல் போட்டுவிட்டு, மாத்திரையை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். நிலக்கடலை, எள்ளு, கொண்டைக்கடலை, முட்டை, ஆட்டுக்கறி சாப்பிடுகிற வீட்டில் தனியாகத் துத்தநாக மாத்திரை தேவைப்படுவது அபூர்வம்.

பி12 கதை கொஞ்சம் வேறு. இது நரம்பின் மேலுறையைக் காக்கும் சத்து. மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 உறிஞ்சப்படுவது குறையும். கறி முட்டை தொடாதவர்களுக்கு ஏற்கெனவே குறைவாக இருக்கும். உங்கள் அப்பா முதல் வகையில் கட்டாயம் வருகிறார். நம் நாட்டில் 2016-ல் வந்த ஒரு சிறிய ஆய்வில், காதிரைச்சல் உள்ளவர்களில் பி12 குறைவாக இருந்தவர்களுக்கு வாரம் ஒரு ஊசி வீதம் ஆறு வாரம் போட்டபோது இரைச்சல் ஓரளவு தணிந்தது, குறைவில்லாதவர்களுக்குத் தணியவில்லை. ஆனால் மொத்தமே நாற்பது பேர் அளவில்தான் அதில் இருந்தார்கள். அதை வைத்து உறுதி சொல்ல மாட்டேன். இருந்தாலும் ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் காதுக்காக இல்லாவிட்டாலும் கை கால் நரம்புக்காகவும் ஞாபகத்துக்காகவும் பி12 கொடுத்தே ஆக வேண்டும். ஊசியா, 1000 மைக்ரோகிராம் மாத்திரையா என்பதை மருத்துவர் சொல்வார். சோதனைக்குப் போகும் முன் முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் பயோடின் மாத்திரை எதையாவது சாப்பிட்டால் அதை லேபில் சொல்லுங்கள். தைராய்டு, இதயத் தசைக்கான ட்ரோபோனின் போன்ற சோதனைகளின் முடிவை அது மாற்றிக் காட்டும்.

மெக்னீசியத்துக்கு நல்ல பெயர் வந்தது, சத்தம் அடிப்பதற்கு முன்பே கொடுத்தால் காதை ஓரளவு காக்கிறது என்று பயிற்சி பெறும் ராணுவ வீரர்களிடம் நடந்த ஆய்வால். வந்துவிட்ட இரைச்சலைத் தணிக்கும் என்பதற்கு, வெற்று மாத்திரையோடு ஒப்பிடாத சின்ன முயற்சிகள்தான் கையில் இருக்கின்றன. அதிகமானால் வயிற்றோட்டம். சிறுநீரகம் சரியில்லாதவருக்கு ரத்தத்தில் தேங்கி இதயத்துடிப்பைக் கெடுக்கும், ஆகவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்க்காமல் கொடுக்கக் கூடாது. தூக்க ஹார்மோனான மெலடோனின் இரைச்சலைத் தொடுவதாகச் சொல்ல முடியாது; சிலருக்குத் தூக்கம் பிடிக்க உதவுகிறது. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் சங்கத்தின் 2014 வழிகாட்டி ஜிங்கோ, மெலடோனின், துத்தநாகம், பிற சத்து மாத்திரைகள் எதையும் இதற்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே மருத்துவர்களுக்குச் சொல்கிறது. நியாயமாகச் சொன்னால் இங்கிலீஷ் மருந்திலும் இதே நிலைதான். தலைசுற்றலுக்கான பீட்டாஹிஸ்டினை நம் ஊரில் காதிரைச்சலுக்கும் தாராளமாக எழுதுகிறார்கள். தலைசுற்றல் இல்லாத வெறும் இரைச்சலுக்கு அது உதவுவதாக ஆய்வுகள் காட்டவில்லை.

‘அப்படியானால் சாப்பிட்டுக் குணமானதாகச் சொல்கிறார்களே’ என்பீர்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. காதிரைச்சல் ஒரே மட்டத்தில் நிற்காது, ஏறும் இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் மாத்திரை தேடிப் போவார்கள். அதற்குப் பிறகு தானாக இறங்கும். புதிதாக வந்த இரைச்சலுக்கு மூளை மெல்லப் பழகுவதும் சில மாதங்களில் நடக்கிறது. கேப்சூல்காரர் ‘மூன்று மாதம் சாப்பிடுங்கள்’ என்பதும் அதே காலம். 53 நாடுகளைச் சேர்ந்த 1,788 பேரிடம் கேட்ட ஒரு கணக்கெடுப்பில், சத்து மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 71 பேர் எந்த மாற்றமும் இல்லை என்றார்கள், 19 பேர் குறைந்தது என்றார்கள், 10 பேர் அதிகமானது என்றார்கள். அந்த 19 பேரின் குரல்தான் விளம்பரத்தில் வருகிறது. புட்டியைத் திருப்பி லேபிளின் சிறிய எழுத்தைப் படியுங்கள். உணவுச் சத்துப் பொருளாக விற்கப்படுவதில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அச்சிட வேண்டும் என்பது நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. முன்பக்கத்தில் குணமாகும் என்றும் பின்பக்கத்தில் மருந்து அல்ல என்றும் எழுதியவர் எந்தப் பக்கத்தில் உண்மை சொல்கிறார் என்பது தெரிந்த விஷயம். செவிட்டுத்தன்மையைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதையே 1954-ம் வருட மருந்து, மாய நிவாரண விளம்பரச் சட்டம் தடை செய்கிறது.

பூண்டெண்ணெய்க்கு வருகிறேன், ஏனென்றால் கேப்சூலைவிட இதில்தான் காது கெடுவது அதிகம். நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப்போட்டுக் காய்ச்சி, ‘வெதுவெதுப்பாக’ இரண்டு சொட்டு. வெதுவெதுப்பு என்பதைக் கை முட்டியில் தொட்டுப் பார்த்து முடிவு செய்கிறோம். செவிப்பறையின் தோல் முட்டித் தோலைவிடப் பல மடங்கு மெல்லியது. சூடு கொஞ்சம் ஏறினால் புண்ணாகும், உடல் சூட்டைவிடக் குறைந்தால் தலை சுற்றிப் படுத்துவிடுவார். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நேரே நடுக்காதுக்குள் போய்ச் சீழ் பிடிக்கும். ஓட்டை இருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது, வலி இருக்காது. ஓட்டை இல்லாவிட்டால் எண்ணெய் செவிப்பறையைத் தாண்டாது, இரைச்சல் பிறக்கும் இடத்துக்குப் போய்ச் சேர அதற்கு வழியே இல்லை. உள்ளே தங்கும் எண்ணெய்ப் பசையும் ஈரமும் பூஞ்சைக்குத் தோது. மழைக்காலத்தில் நனைந்த செய்தித்தாள் மாதிரி சாம்பல் நிறத்தில் கறுப்புப் புள்ளியோடு காதுக்குள் பூஞ்சை அடைத்துக்கொண்டு அரிப்பும் அடைப்புமாக வருகிறவர்களிடம் விசாரித்தால், வாராவாரம் எண்ணெய் விடும் பழக்கம் பெரும்பாலும் வெளியே வரும். எருக்க இலையை வாட்டிப் பிழிவது இன்னும் மோசம். அதன் பால் பட்ட இடமெல்லாம் வெந்துபோகும். வெங்காயச்சாறு, துளசிச்சாறு, தாய்ப்பால் எதற்கும் காதுக்குள் இடமில்லை.

சர்க்கரை உள்ளவருக்கு இதில் இன்னொரு தனி ஆபத்து. காதுக்குழாயில் சின்னக் கீறல் பட்டாலும் சூடோமோனாஸ் என்ற கிருமி அதன் வழியே எலும்புவரை இறங்கக்கூடும். ராத்திரியில் தாங்க முடியாத காதுவலி, கொஞ்சமாக நீர் வடிதல், பிறகு முகம் ஒரு பக்கம் கோணுதல் என்று போகும். ஆஸ்பத்திரியில் சேர்த்து வாரக்கணக்கில் மருந்து ஏற்ற வேண்டிய நோய் அது. ஊக்கு, கொண்டை ஊசி, தீக்குச்சி, பட்ஸ் எதுவும் உங்கள் அப்பா காதுக்குள் போகக் கூடாது என்பதற்கும் இதே காரணம்.

எண்ணெய் விட்டு நிஜமாகவே இரைச்சல் நின்றவர்கள் உண்டு. அவர்களுக்கு இருந்தது குறும்பி அடைப்பு. காய்ந்து இறுகிய குறும்பி செவிப்பறையில் முட்டிக்கொண்டிருந்தால் காது மந்தமும் இரைச்சலும் வரும், அது ஊறி நகர்ந்ததும் போய்விடும். எல்லாக் காரணங்களிலும் இதுதான் எளிதில் தீர்வது, அதனால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். காது மருத்துவர் காதுக்குள் பார்க்கும் கருவியான ஓட்டோஸ்கோப் வைத்துப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். குறும்பி இருந்து, ஓட்டை இல்லை என்று உறுதியானால் 5 சதவீத சோடியம் பைகார்பனேட் சொட்டு மருந்தோ வேறு இளக்கும் மருந்தோ எழுதுவார். ஒரு பக்கம் சாய்ந்து படுத்து மூன்று நான்கு சொட்டு விட்டு ஐந்து நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். நான்கைந்து நாள் கழித்து அவரே உறிஞ்சி எடுப்பார். சர்க்கரைக்காரருக்குத் தண்ணீர் பீய்ச்சி எடுப்பதைவிட உறிஞ்சி எடுப்பது நல்லது என்று நீங்களே நினைவூட்டலாம். மெழுகுத்திரி கொளுத்திக் காதில் வைக்கும் வித்தை குறும்பியை இழுப்பதில்லை. சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், மெழுகுதான் உள்ளே சொட்டுகிறது.

சித்த, ஆயுர்வேத மருத்துவங்கள் காதிரைச்சலை வெகுகாலமாக அறிந்தவை. ஆயுர்வேதம் கர்ணநாதம் என்று பெயரிட்டு வாதத்தின் கோளாறாகச் சொல்கிறது. வில்வக்காயை அரைத்து எண்ணெயும் ஆட்டுப்பாலும் சேர்த்துக் காய்ச்சும் வில்வ தைலமும், சாரிவாதி வடி என்ற மாத்திரையும் அங்கே பேர்போனவை. இவற்றை வெற்று மருந்தோடு ஒப்பிட்டுப் பெரிய அளவில் செய்த ஆய்வு இல்லாததால், இவை உதவும் என்றோ உதவாது என்றோ அடித்துப் பேச எனக்கு உரிமையில்லை. உங்களுக்கு அந்த வைத்தியத்தில் நம்பிக்கை இருந்தால் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள், எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் அவரிடம் காட்டுங்கள், காதுக்குள் விடும் எதையும் செவிப்பறையைப் பார்த்த பிறகு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். உலோகங்களைப் புடமிட்டுச் செய்யும் பற்பம், செந்தூரம் வகைகளை இணையத்தில் வாங்கவே வேண்டாம். இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில் ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. சர்க்கரையால் ஏற்கெனவே உழைத்துக் களைத்த சிறுநீரகம் அதைத் தாங்காது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு எந்தத் தடையும் இல்லை. தலையில் தேய்க்கட்டும், காதில் விட வேண்டாம்.

அக்குபங்சருக்கு ஆய்வு முடிவுகள் ஆளுக்கொரு திசையில் இருக்கின்றன. அந்த 2014 வழிகாட்டியும் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லாமல் விட்டிருக்கிறது. குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவருக்கு ஊசி குத்தினால் ரத்தக்கட்டு வரலாம் என்பதை மறக்க வேண்டாம். வர்மம் என்று கழுத்தைச் சொடுக்குவதை இந்த வயதில் அனுமதிக்காதீர்கள். வாய் மூடி வண்டு போல் ரீங்கரிக்கும் பிராமரி மூச்சுப்பயிற்சி மனப் பதற்றத்தைத் தணிக்கும், செலவில்லை, கெடுதலில்லை, செய்யலாம். காபியை விட்டால் இரைச்சல் விடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. திடீரென நிறுத்தினால் தலைவலி வந்து அவஸ்தைதான் கூடும். சாயங்காலத்துக்கு மேல் வேண்டாம் என்று வைத்தால் தூக்கத்துக்கு நல்லது.

இப்போது உதவக்கூடியவை. கோவை, திருப்பூர், பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏதாவது ஒன்றில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். ஓட்டோஸ்கோப்பில் பார்த்த பிறகு ஆடியோகிராம் எடுக்கச் சொல்வார்கள். சத்தம் அடங்கிய அறையில் ஹெட்போன் மாட்டி, கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும், அரை மணி நேர வேலை. முந்தின நாள் தறிக்குடோன் பக்கம் போகாமல் இருந்தால் முடிவு சரியாக வரும். தறிச்சத்தத்தால் வந்தது என்றால் வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸில் பள்ளம் விழுந்து 8000-ல் கோடு கொஞ்சம் மேலேறும். வயது கூடக் கூட அந்த ஏற்றமும் மறையும். கூடவே ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, கிரியேட்டினின், ரத்த அழுத்தம் பார்த்துவிடுங்கள். சாப்பிடும் எல்லா மருந்துகளையும், எப்போதாவது போடும் வலி மாத்திரை உட்பட, பையில் போட்டு எடுத்துப் போங்கள். முன்பு டிபிக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியோ, ஆஸ்பத்திரியில் ஜென்டாமைசின், அமிகாசின் ஊசியோ போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கேட்கும் திறன் குறைந்திருந்தால் காதுக்கருவிதான் இந்த வகை இரைச்சலுக்குப் பெரும்பாலும் முதல் மருந்து. வெளி ஒலி போதுமான அளவு உள்ளே வந்தால் மூளை ஏற்றிவைத்த உணர்திறனைத் தளர்த்திக்கொள்ள இடம் கிடைக்கிறது, பேச்சுக்கு முட்டி மோதும் களைப்பும் குறைகிறது. இரண்டு காதும் குறைந்திருந்தால் இரண்டுக்கும் வேண்டும். ஆடியோகிராமை வைத்து, கீச்சொலி இடத்தை மட்டும் தூக்கிக் கொடுக்கும்படி அமைத்துத் தர வேண்டும். இணையத்தில் ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் பெருக்கி எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாகக் கூட்டும், மிச்சமிருக்கும் செல்லையும் அடித்துவிடும். மாட்டிய முதல் வாரம் பாத்திரச் சத்தமே காதைக் கிழிக்கிற மாதிரி இருக்கும். தினம் இரண்டு மணி நேரத்தில் தொடங்கி மெல்லக் கூட்டினால் மூன்று நான்கு வாரத்தில் பழகிவிடும். வாங்க வசதி இல்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவசக் கருவிக்கு விண்ணப்பிக்கலாம். வேலை பார்த்த இடத்தில் இ.எஸ்.ஐ. பிடித்திருந்தால், சத்தத்தால் வந்த காதுக்கேடு சட்டப்படி தொழில் நோயாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதையும் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

ராத்திரிக்கு ஒரு வழி. படுக்கையறையை அமைதியாக வைக்காதீர்கள், அமைதியில்தான் இரைச்சல் பெரிதாகக் கேட்கும். மின்விசிறி ஓடட்டும், அல்லது மழைச் சத்தம், ஓடைச் சத்தம் எதையாவது போனில் போட்டு, கட்டிலிலிருந்து இரண்டு மூன்றடி தள்ளி வையுங்கள். இயர்போன் வேண்டாம். அளவு முக்கியம்: காதிரைச்சலும் கேட்க வேண்டும், வெளிச்சத்தம் அதற்குச் சற்றுக் கீழே கேட்க வேண்டும். முழுக்க அமுக்கும்படி கூட்டினால் மூளைக்குப் பழகும் வாய்ப்பு இல்லாமல் போய், அணைத்ததும் திரும்ப அதே கதைதான். பேச்சும் பாட்டும் வேண்டாம், மனம் அதைக் கவனிக்கப் போய்விடும். இரண்டு மூன்று நாளில் விடாமல் சில மாதமாவது தொடர வேண்டும். இரைச்சல் மனதைத் தின்னும் அளவுக்குப் போயிருந்தால், அதைப் பற்றிய பயத்தையும் எதிர்வினையையும் மாற்றப் பழக்கும் சி.பி.டி. என்ற பேச்சுவழிச் சிகிச்சைக்கு எல்லாவற்றையும்விட வலுவான ஆய்வு ஆதாரம் இருக்கிறது. அது சத்தத்தைக் குறைக்காது, சத்தம் தரும் துன்பத்தைக் குறைக்கும். அப்பா வாழ்க்கையே வெறுத்துப்போச்சு என்ற மாதிரிப் பேசினால் காத்திருக்காமல் மனநல மருத்துவரிடம் போங்கள், அல்லது 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

சில அறிகுறிகள் தெரிந்தால் மேலே சொன்ன எதற்கும் காத்திருக்கக் கூடாது. திடீரென ஒரு காது கேட்காமல் போனால் அன்றோ மறுநாளோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது, சர்க்கரை ஏறும் என்பதால் அதையும் சேர்த்துக் கவனிப்பார்கள். ஒரு காதில் மட்டும் நிற்காத இரைச்சல் என்றால் செவி நரம்பில் கட்டி இல்லை என்று உறுதி செய்ய எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். நாடித்துடிப்போடு சேர்ந்து ‘டப் டப்’ என்று கேட்டால் ரத்தக் குழாயைச் சோதிக்க வேண்டும். முகம் கோணல், சீழ், கடும் தலைசுற்றல், தலையில் அடிபட்ட பிறகு வந்த இரைச்சல் இவையும் அப்படியே.

அவர் இன்னும் தறிக்குடோனுக்குப் போகிறார் என்றால், அல்லது வீட்டில் தம்பியோ மச்சானோ போகிறார்கள் என்றால், பஞ்சு வைப்பது போதாது, அது சில டெசிபல்தான் தடுக்கும். பாதுகாப்புச் சாமான் கடையில் கிடைக்கும் நுரைக் காதடைப்பான் சில பத்து ரூபாய்க்குள் வரும். சுத்தமான கையால் அதை மெல்லிய குச்சி மாதிரி உருட்டி, எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே நுழைத்து, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். சரியாக உட்கார்ந்தால் தறியின் சத்தம் தூரத்திலிருந்து வருவது போல் மங்கும், தம் குரலே தமக்குள் முழங்குவது போல் கேட்கும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் திரும்ப எடுத்து உருட்டி வைக்கச் சொல்லுங்கள். நூல் அறுந்த சத்தம் கேட்காது என்று பல தறிக்காரர்கள் இதைப் போட மறுப்பார்கள். ஒரு வாரம் போட்டுப் பழகினால் தறியின் ஓசை மாறுவதை அதற்குள்ளிருந்தே பிடித்துக்கொள்வார்கள்.